பச்சை தர மறுத்த படிகம்

லேசர் அறையின் விளக்கை ஆய்வுக்கூடப் பொறுப்பாளர் அக்கா அணைத்தார். அகச்சிவப்பைத் தடுக்கும் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நானும் பேராசிரியரும் மேசையின் இரு பக்கமும் குனிந்து நின்றோம். நான் வளர்த்த படிகத்தின் தூள் ஒரு மெல்லிய கண்ணாடிக்குழாயில் இருந்தது. கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்புக் கதிர் அதன்மேல் விழுந்துகொண்டிருந்தது. தூளிலிருந்து பச்சை ஒளி வரவேண்டும். வரவில்லை.

"லேசர் ஓடுகிறதா?" என்று பேராசிரியர் ஆங்கிலத்தில் கேட்டார்.

ஓடிக்கொண்டுதான் இருந்தது. ஒப்பிட்டுப் பார்க்க எப்போதும் வைத்திருக்கும் வேறொரு படிகத்தின் தூளை அக்கா அதே இடத்தில் பொருத்தினார். குழாயின் நுனியில் பச்சைப் புள்ளி பளிச்சென்று எரிந்தது. அதை எடுத்துவிட்டு மறுபடி என்னுடையதை வைத்தார். இருட்டு.

"உங்கள் கட்டுரையில் இது அதைவிடப் பல மடங்கு பிரகாசம் என்று இருக்கிறது," என்றார் பேராசிரியர். குரலில் கோபம் இல்லை.

"வேறொரு பேட்ச் போட்டுப் பார்க்கிறேன்," என்றேன்.

அவர் தலையாட்டிவிட்டு வெளியே போனார். அக்கா விளக்கைப் போட்டார். என் முகத்தை அவர் பார்க்கவில்லை. குழாயை எடுத்து, சீட்டு ஒட்டி, பெட்டியில் வைத்துப் பூட்டினார். அதுவரை என் மாதிரிகள் எதையும் அவர் பூட்டி வைத்ததில்லை.

சிங்கப்பூருக்கு நான் வந்ததே படிகம் வளர்க்கத்தான். தமிழ்நாட்டில் முனைவர் பட்டத்துக்கு உழைத்த வருடங்களில் தண்ணீரிலும் ஆல்கஹாலிலும் பொருட்களைக் கரைத்து, மூடியில் சின்னத் துளைகள் போட்டு, கரைசல் மெதுவாக வற்றுவதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அந்தப் பொறுமைக்குத்தான் கிளமெண்டி பக்கத்து ஆய்வுக்கூடத்தில் வேலை கொடுத்தார்கள். சுவா சூ காங்கில் ஒரு வாடகை வீட்டில் நானும் கணவரும் இருந்தோம். அவர் ஒரு கட்டுமான நிறுவனத்தில் திட்டப் பொறியாளர்.

அக்கா இந்த ஊரிலேயே பிறந்தவர். அவருடைய தாத்தா காலத்திலேயே குடும்பம் இங்கே வந்துவிட்டது. ஐம்பதைத் தாண்டியவர், குட்டை முடி, எப்போதும் ஒரே மாதிரி கறுப்புக் காலணி. பேச்சில் இந்த ஊரின் 'லா' ஒட்டிக்கொண்டே வரும். ஆய்வுக்கூடத்தின் சாவி, பாதுகாப்பு, கருவிகள் எல்லாம் அவர் பொறுப்பு. முதல் நாளே என்னிடம், "லேப்ல தமிழ்ல பேசலாம், ஆனா மத்தவங்க இருந்தா இங்கிலீஷ்ல பேசு, அவங்களுக்குப் புரியணும்ல," என்றார். அதை அவர் ஒருபோதும் மீறவில்லை.

நான் வளர்த்தது ஒரு கரிமப் பொருளின் படிகம். வெளிர் மஞ்சள், ஊசி ஊசியாக வரும். முதலில் வளர்த்தபோது என்னோடு ஒரு மாணவர் இருந்தார். இருவரும் சேர்ந்துதான் எக்ஸ்ரேயில் அதன் அமைப்பைக் கண்டோம், இருவரும்தான் அந்தப் பச்சையைப் பார்த்தோம். கட்டுரை வெளிவந்தது. மாணவர் படிப்பை முடித்துக்கொண்டு வேறு நாட்டுக்குப் போய்விட்டார். கட்டுரையைப் பார்த்து ஒரு நிறுவனம் ஆர்வம் காட்டியது. அவர்களுக்காகத்தான் புதிதாக வளர்த்து அளந்து காட்டப் பேராசிரியர் சொல்லியிருந்தார். பேராசிரியரின் அடுத்த திட்டம் முழுவதும் அதன்மேல் நின்றது. என் வேலை ஒப்பந்தமும் அப்படித்தான், இந்த ஊரில் தங்க அதோடு சேர்த்துத் தந்த வேலை பாஸும் அப்படித்தான்.

அன்றைக்குச் சாயங்காலம் வீட்டில் கணவர் கேட்டார். "ஒரே சாமான்தான? அன்னைக்கு வெளிச்சம் வந்துச்சு, இன்னைக்கு ஏன் வரல?"

அவருக்குப் புரியும்படி சொல்ல யோசித்தேன். நாங்கள் இருவரும் தினமும் பேருந்திலும் எம்ஆர்டி ரயிலிலும் போகிறவர்கள்.

"பஸ்ல எல்லாரும் முன்னாடி பாத்துதான உக்காந்திருப்போம். டிரைவர் பிரேக் போட்டா என்ன ஆகும்?"

"முன்னாடி போய் முட்டுவோம்."

"திடீர்னு வேகமா எடுத்தா?"

"பின்னாடி சாய்வோம். ஆனா சீட் இருக்கே, அவ்வளவா போக மாட்டோம்."

"அதான். முன்பக்கம் நிறைய, பின்பக்கம் கொஞ்சம். ஒரு பக்கமா இழுத்துக்கிட்டு இருக்கு. என் மூலக்கூறும் அப்படித்தான். வெளிச்சம் வந்து ஆட்டும்போது அதோட எலக்ட்ரான் ஒரு பக்கம் சுலபமா போகும், இன்னொரு பக்கம் போகாது. அந்தக் கோணல் ஆட்டத்துலதான் ரெண்டு மடங்கு அதிர்வெண் பொறக்குது. கண்ணுக்குத் தெரியாத வெளிச்சம் பச்சையா வெளிய வருது. ஆனா எல்லா மூலக்கூறும் ஒரே பக்கம் பாத்து உக்காந்தாத்தான் அது. பாதிப் பேர் அந்தப் பக்கம், பாதிப் பேர் இந்தப் பக்கம் பாத்து உக்காந்தா, ஒருத்தர் கோணலை இன்னொருத்தர் சரிபண்ணிடுவாங்க. பச்சையே வராது."

"அப்ப இப்ப வளந்ததுல பாதிப் பேர் திரும்பி உக்காந்துட்டாங்களா?"

"அதைத்தான் பாக்கணும்," என்றேன்.

மறுநாள் புதிய பேட்ச்சை உருப்பெருக்கியில் பார்த்தேன். ஊசிகளைக் காணோம். சின்னச் சின்னக் கட்டிகள், கற்கண்டு மாதிரி சதுரம் சதுரமாக இருந்தன. முந்தைய வாரமும் அப்படித்தான் வந்திருக்க வேண்டும். அவசரமாகத் தூளாக்கியதில் வடிவத்தைக் கவனிக்காமல் விட்டிருக்கிறோம். எக்ஸ்ரேக்குக் கொடுத்தேன். பதில் தெளிவாக வந்தது. பொருள் அதேதான், ஓர் அணுகூட மாறவில்லை. ஆனால் மூலக்கூறுகள் இரண்டிரண்டாக எதிரெதிர்த் திசையில் அடுக்கியிருந்தன. நடுவில் ஒரு சமச்சீர் மையம். இந்த அமைப்பிலிருந்து பச்சை வரவே முடியாது. கருவியின் குறையோ என் கையின் குறையோ இல்லை, அமைப்பே அனுமதிக்காது.

மறுபடி வளர்த்தேன். கட்டிகள். வெப்பநிலையை மாற்றினேன். கட்டிகள். ஆல்கஹாலை மாற்றினேன், புதுக் குடுவை வாங்கினேன், அடுத்த அறையில் வைத்தேன். எல்லாவற்றிலும் கட்டிகள். பழைய ஊசிகளில் மிச்சம் ஏதாவது இருக்குமா என்று அலமாரியைத் துழாவினேன். பெரும்பாலானவற்றை அளவீட்டுக்காக அப்போதே தூளாக்கிவிட்டோம். ஒரு சின்னச் சீசாவில் கொஞ்சம் கிடந்தது. ஆனால் ஊசிகள் பால்போல் வெளுத்து, தொட்டால் உதிர்ந்தன. அதையும் எக்ஸ்ரேயில் வைத்தேன். அதுவும் மாறிப்போயிருந்தது.

இப்படி நடப்பது உண்டு என்று எனக்குத் தெரியும். ஒரு பொருள் முதலில் ஓர் அமைப்பில் படிகமாகும். பிறகு எங்கோ ஒருமுறை, அதைவிட உறுதியான இன்னோர் அமைப்பு பிறந்துவிடும். அதன் துகள், கண்ணுக்கே தெரியாத அளவில், காற்றில் பறந்து கரைசலில் விழுந்தால் போதும், அது விதையாகி எல்லாவற்றையும் தன் வழிக்கு இழுத்துவிடும். அதற்குப்பின் பழைய அமைப்பு அந்த அறையில் வளராது. சில சமயம் அந்தக் கட்டடத்திலேயே வளராது.

பேராசிரியரிடம் இதைச் சொன்னேன். அவர் முழுவதையும் கேட்டார். பேனாவை மேசைமேல் வைத்தார்.

"இருக்கலாம்," என்றார். "ஆனால் என் இடத்திலிருந்து யோசித்துப் பாருங்கள். கட்டுரையில் உள்ள படிகம் இப்போது எங்கேயும் இல்லை. இருந்த மிச்சமும் மாறிவிட்டது. மறுபடி வளர்க்கவும் முடியாது. இதை நம்பச் சொல்கிறீர்கள்."

"தரவு இருக்கிறது. எக்ஸ்ரே, லேசர், எல்லாம்."

"எந்த மாதிரியிலிருந்து எடுத்த தரவு என்று யார் சொல்வது?"

அந்தக் கேள்வியின் பொருள் எனக்குப் புரியச் சிறிது நேரம் ஆயிற்று. வேறு ஏதோ ஒரு பொருளை அளந்து, அதை இதன் பெயரில் எழுதியிருக்கிறேனா என்று கேட்கிறார்.

வெளிநாட்டுக்குப் போன மாணவரை அழைத்தேன். பச்சையைத் தானும் பார்த்ததாக அவர் பேராசிரியருக்குச் சொன்னார். ஆனால் கட்டுரையில் அவர் பெயரும் இருந்தது. சந்தேகத்துக்கு ஆளான இருவரில் ஒருவர் மற்றவருக்குச் சாட்சி சொல்ல முடியுமா?

அந்த வாரத்தில்தான் இன்னொன்று தெரிந்தது. நான் பேராசிரியரிடம் போவதற்கு முன்பே, பழைய முடிவு மறுபடி வராததால் சந்தேகமாக இருக்கிறது என்று அவரிடம் சொன்னது அக்கா. என் மாதிரிகளைத் தனியாகப் பூட்டச் சொல்லி யோசனை கொடுத்ததும் அவர்தான். என்னோடு ஒரே மேசையில் சாப்பிட்டவர், என்னிடம் ஒரு வார்த்தைகூடச் சொல்லவில்லை.

அதற்குப் பிறகு ஆய்வுக்கூடத்தில் நான் வந்தால் பேச்சு நின்றது. யாரும் முறைக்கவில்லை, எல்லோரும் மரியாதையாகத்தான் இருந்தார்கள். யாராவது என் குடுவைகளைக் கடந்து போகும்போது கொஞ்சம் விலகிப் போனார்கள். இரவில் சரியாகத் தூங்கவில்லை. கணவர் ஒருநாள், "கான்ட்ராக்ட் போனா போகட்டும், வேற வேலை பாத்துக்கலாம்," என்றார். "வேலை இல்லைங்க. பொய் சொன்னவன்னு சொல்லிடுவாங்க. அதுக்கப்புறம் எந்த லேப்ல என்னைச் சேப்பாங்க?" என்றேன். அவர் எனக்கும் சேர்த்துத் துணி மடித்து வைத்தார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காய்கறி வாங்க லிட்டில் இந்தியாவுக்குப் போனேன். தேக்கா மார்க்கெட்டில் கூட்டம் நெருக்கியது. முருங்கைக்காய்க் கட்டை எடுக்கக் கை நீட்டியபோது எதிர்ப்பக்கம் அக்கா நின்றிருந்தார். ஒளிந்துகொள்ள இடமில்லை. அவரும் என்னைப் பார்த்துவிட்டார்.

"சாப்பிட்டியா?" என்றார்.

"இல்லக்கா."

"வா."

பக்கத்திலேயே உணவுக்கடைகள் இருக்கும் பகுதியில் ஒரு மேசை பிடித்தார். தோசையும் தே தாரிக் என்னும் பால்தேநீரும் வாங்கி வந்து வைத்தார். நான் தொடவில்லை.

"நீங்கதான் சொன்னீங்களாமே," என்றேன்.

"ஆமா."

"என்கிட்ட கேட்டிருக்கலாம்லக்கா."

"கேட்டா நீ என்ன சொல்லுவ? சரியாத்தான் பண்ணேன்னு சொல்லுவ. பொய் சொல்றவளும் அதையேதான் சொல்லுவா." தேநீரை ஒரு வாய் குடித்தார். "முன்னாடி வேற லேப்ல வேலை பாத்தேன். அங்க ஒருத்தன் மேல சந்தேகம் வந்துச்சு. நல்ல பையன்லான்னு நான் வாயை மூடிக்கிட்டு இருந்தேன். கடைசில அந்த லேப்பையே மூடிட்டாங்க. அவன் கூட இருந்த பசங்க எல்லாரோட பேரும் போச்சு. மறுபடி அப்படி இருக்க மாட்டேன்."

"நான் பொய் சொல்லல."

"எனக்குத் தெரியாது," என்றார். முகத்தில் கடுமை இல்லை, ஆனால் விட்டுக்கொடுக்கவும் இல்லை. "எப்படி மாறுச்சுன்னு எனக்குச் சொல்லு. முழுசாச் சொல்லு."

சொன்னேன். விதைத் துகள் காற்றில் பறப்பதை, கோட்டில் ஒட்டுவதை, முடியில், பையில், காலணியில் ஒட்டிக்கொண்டு அடுத்த அறைக்குப் போவதை. அவர் இடையிடையே நிறுத்திக் கேள்வி கேட்டார். அந்தத் துகள் தண்ணீரில் கழுவினால் போகுமா, எத்தனை சின்னதாக இருந்தாலும் போதுமா, வடிகட்டினால் நிற்குமா என்றெல்லாம். எல்லாம் வேலை தெரிந்தவரின் கேள்விகள்.

"அப்ப நம்ம லேப்ல எவ்வளவு டிரை பண்ணாலும் வராது."

"வராதுக்கா. இப்ப நான் போற இடமெல்லாம் அது கூடவே வரும்."

"நீ போகாத இடம் வேணும். நம்ம ஆளு யாருமே போகாத இடம்." பையிலிருந்து கைப்பேசியை எடுத்தார். "பாலிடெக்னிக்ல எனக்குத் தெரிஞ்ச ஒருத்தர் இருக்கார். கெமிஸ்ட்ரி சொல்லிக்குடுக்கறவர். கேட்டுப் பாக்கறேன்."

"ஏன் எனக்காகக் கேக்கறீங்க?"

"உனக்காக இல்ல. நீ பொய் சொன்னியா இல்லயான்னு எனக்குத் தெரியணும்," என்றார். "தோசையைச் சாப்பிடு, ஆறிப்போச்சு."

பேராசிரியர் ஒப்புக்கொண்டார். அந்த மாத முடிவுக்குள் விடை வேண்டும், இல்லாவிட்டால் கட்டுரையைத் திரும்பப் பெறும் வேலையைத் தொடங்குவேன் என்றார். பாலிடெக்னிக் விரிவுரையாளர் மலாய்க்காரர், மெதுவாகப் பேசுகிறவர். செய்முறையை நான் எழுதி அனுப்பினேன், அவரே எல்லாவற்றையும் செய்வதாக ஏற்பாடு. நான் அந்த வளாகத்துக்குள் காலே வைக்கக்கூடாது. பொருளின் சீசாவை அக்கா எடுத்துக்கொண்டு போய்க் கொடுத்தார்.

நான் வளர்த்த படிகங்களிலேயே பார்க்க முடியாமல் வளர்ந்தது அதுதான். தினமும் காலையில் கைப்பேசியைப் பார்ப்பேன். கரைசல் தெளிவாக இருக்கிறது என்று அவர் அனுப்புவார். மறுநாளும் அதே செய்தி. பிறகு ஒருநாள் மதியம், உணவகத்தில் வரிசையில் நின்றபோது படம் வந்தது.

கட்டிகள்.

படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். சதுரம் சதுரமாக, சுத்தமாக, பளபளவென்று. கையிலிருந்த தட்டை எங்கே வைத்தேன் என்று நினைவில்லை. கழிப்பறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு நின்றேன். அப்போது முதல்முறையாக என்மேல் எனக்கே சந்தேகம் வந்தது. உண்மையிலேயே நான் பார்த்தது அந்தப் பொருளின் படிகம்தானா? சீசா மாறியிருக்குமா? அந்த மாணவர் வேறு எதையாவது எடுத்து வந்து கொடுத்தாரா? பச்சையைப் பார்த்த நாளை நினைத்து நினைத்துப் பார்த்தேன். நினைவில் எல்லாம் தெளிவாகத்தான் இருந்தது, ஆனால் நினைவை யாரிடம் காட்ட முடியும்?

ஆய்வுக்கூடத்துக்குத் திரும்பியபோது அக்கா தன் மேசையில் இருந்தார். அவருக்கும் படம் வந்திருந்தது. என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையில் வெற்றி இல்லை. உறவுக்காரர் ஒருவரின் மோசமான மருத்துவ முடிவைக் கேட்டவர் முகம்போல் இருந்தது. "பேராசிரியர்கிட்ட நான் சொல்லவா, நீ சொல்றியா?" என்றார்.

பதில் சொல்ல வாயெடுத்தேன். அவருடைய தோள்பை மேசைக்காலில் சாய்ந்திருந்தது. தினமும் ஆய்வுக்கூடத்துக்குள் வந்து, அதே இடத்தில் கிடந்து, அவரோடு வீட்டுக்குப் போகிற பை. சீசா அதில்தான் போயிருக்கும்.

"அக்கா," என்றேன். "அந்தச் சீசா எங்க இருந்தது?"

"நம்ம ஸ்டோர்ல. ஏன்?"

"திறந்த சீசாவா?"

அவர் தன் பையைத் திரும்பிப் பார்த்தார். சில நொடிகளில் அவருக்கே புரிந்துவிட்டது. திறந்த சீசா எங்கள் அலமாரியில் இருந்தது. அதன் மூடியிலும் கழுத்திலும் எங்கள் அறைத் தூசி. அதை எடுத்துப் போனது எங்கள் அறையிலேயே இருக்கும் பை. சுத்தமான அறையைத் தேடிப் பிடித்துவிட்டு, விதையை நாங்களே கொண்டுபோய்க் கொடுத்திருக்கிறோம்.

சொல்வதற்குக் கஷ்டமாகத்தான் இருந்தது. அவர் என்னைவிட வயதில் மூத்தவர், சுத்தத்துக்கே பெயர்போனவர். "நீங்க கொண்டு போனதுலதான் போயிருக்கும்க்கா," என்றேன்.

அவர் முகம் இறுகியது. "சாக்குச் சொல்ற மாதிரி இருக்கு," என்றார்.

"தெரியும். கேக்கறவங்களுக்கு அப்படித்தான் இருக்கும். ஆனா இன்னொரு தடவை பண்ணணும். புதுச் சீசா, நேரா அங்கயே டெலிவரி. நம்ம யாரும் தொடக் கூடாது. வேற ரூம். அவரும் புதுக் கோட் போட்டுக்கணும்."

"இந்தத் தடவையும் கட்டி வந்தா?"

"வந்தா நானே போய்ப் பேராசிரியர்கிட்ட சொல்லிடறேன். கட்டுரையை வாபஸ் வாங்கறேன்."

"சரி," என்றார். பிறகு தொலைபேசியை எடுத்து விரிவுரையாளரை அழைத்தார். தன்னால் இந்த முறை கெட்டிருக்கலாம் என்று, மழுப்பாமல், ஆங்கிலத்தில் அவரிடம் சொன்னார். நான் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன்.

இரண்டாவது முறை எல்லாவற்றையும் கடுமையாக்கினோம். பாலிடெக்னிக்கின் இன்னொரு கட்டடத்தில், வேறு மாடியில் ஓர் அறை. வேதிப்பொருள் கடைக்காரரிடமிருந்து நேராக அங்கே போனது. கரைசலைக் கொதிக்கும் அளவுக்குச் சூடாக்கி, மிக நுண்ணிய வடிகட்டியில் சூட்டோடு வடித்து, உடனே மூடினார். முதல்முறை அணிந்த எதையும் அவர் அணியவில்லை. அந்த நாட்களில் அக்கா அவரைப் பார்க்கக்கூடப் போகவில்லை.

மாதம் முடியும் தறுவாயில் இருந்தது. தினம் செய்தி வந்தது. தெளிவாக இருக்கிறது. தெளிவாக இருக்கிறது. அந்தத் தெளிவு எனக்கு வதையாக இருந்தது. வேலைக்குப் போகும் பேருந்தில் எல்லோரும் முன்பக்கம் பார்த்து அமர்ந்திருப்பதைக் கவனிக்காமல் இருக்க முடியவில்லை. பிரேக் போடும்போதெல்லாம் முன்சீட்டைப் பிடித்துக்கொண்டேன்.

பேராசிரியர் சொன்ன கெடுவுக்கு முந்தைய நாள் காலை அக்கா என் மேசைக்கு வந்தார். கைப்பேசியை என் முன்னால் வைத்தார். குடுவையின் அடியிலிருந்து மேல்நோக்கி, வெளிர் மஞ்சள் ஊசிகள், கொத்துக் கொத்தாக நின்றன.

நான் அழுவேன் என்று நினைத்தேன். அழுகை வரவில்லை. "எதுலயும் படக் கூடாதுன்னு சொல்லுங்க, சீக்கிரம் கேபிலரி டியூப்ல போட்டு சீல் வைக்கச் சொல்லுங்க," என்று மூச்சுவிடாமல் சொன்னேன். "சொல்லிட்டேன், சொல்லிட்டேன்," என்றார் அக்கா.

விரிவுரையாளர் ஊசிகளைச் சிறு கண்ணாடிக்குழாய்களில் போட்டு, இரு முனையையும் உருக்கி மூடி, பைக்குள் பையாக வைத்து அன்று மதியமே கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போனார். முனைகளை உருக்கி மூடிய குழாய் என்பதால் நாங்கள் அருகில் இருக்கலாம். பேராசிரியர் எங்களை எதையும் தொட விடவில்லை. தானே குழாயை எடுத்துப் பொருத்தினார், தானே லேசரைச் சரிபார்த்தார். பச்சை வந்தாலும் நான் ஏதோ செய்துவிட்டேன் என்று யாரும் சொல்லக்கூடாது என்பதற்காகத்தான் என்று அப்போதே புரிந்தது. நான் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு சுவரோரம் நின்றேன்.

அக்கா விளக்கை அணைத்தார்.

முதலில் ஒன்றும் இல்லை. பேராசிரியர் குழாயை ஒரு மயிரிழை நகர்த்தினார். பச்சை வெடித்ததுபோல் வந்தது. ஒப்பிட்டுப் பார்க்கும் படிகத்தின் பச்சையெல்லாம் இதன்முன் மங்கல். ஊசி முழுக்க நீளவாக்கில் எரிந்தது, குழாயின் கண்ணாடியில் அதன் பிம்பமும் பச்சையாக ஆடியது.

பேராசிரியர் அளவுகளைக் குறித்துக்கொண்டார். அடுத்த குழாய். அதுவும் எரிந்தது. அதற்கடுத்தது. இருட்டில் எனக்குப் பக்கத்திலிருந்து அக்காவின் குரல், தனக்குத்தானே சொல்வதுபோல், "இருக்குலா," என்றது.

விளக்கைப் போட்டதும் பேராசிரியர் என்னிடம் வந்தார். "எக்ஸ்ரே பார்த்துவிடுவோம்," என்றார். பிறகு, "நான் கேட்டது தவறில்லை. ஆனால் கேட்ட விதம் உங்களை வருத்தியிருக்கும்," என்றார். நான் தலையசைத்தேன். வருத்தியதுதான். இல்லை என்று சொல்லத் தோன்றவில்லை.

எக்ஸ்ரேயும் பழைய கட்டுரையில் உள்ளதையே காட்டியது. எல்லா மூலக்கூறுகளும் ஒரே பக்கம் பார்த்து. சந்தேகம் எதுவும் மிச்சமில்லை என்று பேராசிரியர் ஆய்வுக்கூடத்தின் அடுத்த கூட்டத்தில் எல்லோர் முன்னிலையிலும் சொன்னார். இந்தப் பொருள் இரண்டு அமைப்புகளில் வரும், பச்சை தருவது நிலையற்றது, சுலபமாகத் தொலைந்துவிடும் என்று இன்னொரு கட்டுரை எழுதினோம். விரிவுரையாளரின் பெயரும் அக்காவின் பெயரும் அதில் சேர்ந்தன. அக்கா தன் பெயர் வேண்டாம் என்றார். நான் எடுக்கவில்லை.

ஆனால் திட்டம் பிழைக்கவில்லை. அந்த நிறுவனத்துக்காரர்கள் மரியாதையாகப் பேசினார்கள், படங்களைப் பாராட்டினார்கள், பிறகு விலகிக்கொண்டார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது. இன்றைக்குப் பச்சை தரும், நாளைக்கு ஒரு தூசி பட்டால் வெறும் கல்லாகிவிடும் என்கிற பொருளை யார் கருவிக்குள் வைப்பார்கள்? என் ஒப்பந்தம் அதன் காலம்வரை ஓடி முடிந்தது. பேராசிரியர் எழுதிய பரிந்துரை நன்றாக இருந்தது.

இப்போது துவாஸ் பக்கம் ஒரு மருந்துத் தொழிற்சாலையில் வேலை பார்க்கிறேன். மருந்துகளுக்கும் இதே பிரச்சினை உண்டு. அமைப்பு மாறிவிட்டால் மாத்திரை வயிற்றில் கரையாது. மாறுகிறதா என்று பார்த்துக்கொண்டே இருப்பதுதான் என் வேலை. நேர்முகத் தேர்வில் இந்தக் கதையைச் சொன்னேன், எதையும் மறைக்காமல். எதிரில் இருந்த பெண்மணி கடைசியில், "முதல் சீசாவை யார் கொண்டுபோனார்கள் என்று யோசித்தது எப்படி?" என்று மட்டும் கேட்டார்.

அக்காவும் நானும் அவ்வப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் சிராங்கூன் ரோட்டில் சந்திக்கிறோம். தோழிகள் என்று சொல்ல மாட்டேன். அவரிடம் எனக்குக் கொஞ்சம் பயம் இன்னும் இருக்கிறது. அவர் என்னைப் பற்றிப் புகார் சொன்னதை நான் மறக்கவில்லை, அவரும் மறக்கச் சொல்லவில்லை. ஆனால் யாராவது என்னிடம் ஒரு முடிவைக் காட்டி, இது சரிதானா என்று கேட்டால், எனக்கு முதலில் அவர் முகம்தான் வரும்.

போன மாதம் விரிவுரையாளர் அக்காவுக்கு ஒரு படம் அனுப்பியிருந்தார். வகுப்பில் மாணவர்களுக்குக் காட்டலாம் என்று அதே படிகத்தை, அதே அறையில், அதே முறையில் மறுபடி வளர்த்திருக்கிறார். அடுத்த சந்திப்பில் அக்கா தேநீர்க்கடை மேசைமேல் கைப்பேசியை என் பக்கம் திருப்பி வைத்தார்.

கட்டிகள்.

"அங்கயும் வந்துருச்சு," என்றார்.

நான் படத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். இனி இந்தத் தீவில் அந்த ஊசியை எங்கே வளர்ப்பது என்று தெரியவில்லை. எங்கள் குழாய்களில் மிச்சமிருப்பவை எத்தனை காலம் தாங்கும் என்றும் தெரியவில்லை. வருத்தமாக இருக்கும் என்று நினைத்தேன். இல்லை. நாங்கள் பார்த்த அன்றைக்கு அது இருந்தது, மூன்று பேர் சேர்ந்து பார்த்தோம்.

"டீ இன்னொன்னு சொல்லவா?" என்று அக்கா கேட்டார்.

"சொல்லுங்கக்கா," என்றேன். "சீனி கம்மியா."